எல்லாம் சரியாக இருந்தால் பயப்படுகிறவர்

பிரச்சினை வந்தால் பயப்படுகிறவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். பிரச்சினை வராவிட்டால் வயிற்றில் புளி கரைகிற ஒரே ஒரு மனிதரை நான் பார்த்திருக்கிறேன். டில்லியில், ஆபீஸில், எனக்கு அடுத்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். சப்டீக் சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

அப்பா அம்மா வைத்த பெயர் வேறு ஏதோ உண்டு. சம்பளச் சீட்டில் மட்டும் அது வரும். திருப்பத்தூர் பக்கத்துக்காரர். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே காலையும் மாலையும் மேலதிகாரி முன் விறைத்து நின்று ‘சப் டீக் ஹை, சாப்’ என்று சொல்ல வேண்டுமாம். எல்லாம் சரியாக இருக்கிறது ஐயா என்று அர்த்தம். ஒன்றும் நடக்காத நாளில்தான் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கட்சி.

எங்கள் கம்பெனிக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. காலையில் ஆபீஸ் குரூப்பில் முதல் செய்தி அவருடையதாகத்தான் இருக்கும். சர்வர் சப் டீக். இன்டர்நெட் சப் டீக். இன்வெர்ட்டர் சப் டீக். வாட்டர் கூலர் சப் டீக். ஹோலி அன்றும் வரும், தீபாவளி அன்றும் வரும். நாங்கள் அத்தனை பேரும் அந்தக் குரூப்பை மியூட்டில் போட்டிருந்தோம்.

கம்பெனியின் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மருந்துக் கடையிலும் சின்ன கிளினிக்கிலும் இன்சுலின், தடுப்பூசி எல்லாம் வைக்கிற ஃபிரிட்ஜ் இருக்குமல்லவா, அதற்குள் ஓர் உலோகக் குச்சியை வைப்போம். குச்சியிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் மறுமுனையில் கையடக்கமாக ஒரு கருவி. ஃபிரிட்ஜ் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று அது எங்கள் சர்வருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சூடு ஏறினால் எங்களில் அன்றைக்கு டியூட்டியில் இருக்கிறவரின் போன் அடிக்கும். அவர் கடைக்காரரைக் கூப்பிட்டு ஃபிரிட்ஜைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிற டில்லிக் கோடையில் இந்தத் தொழிலுக்கு நல்ல கிராக்கி.

புதுக் கருவிகள் வந்தால் சோதித்துப் பார்ப்பது சப்டீக் சாரின் வேலை. அதற்கு அவர் வைத்திருந்த ஒரே உபகரணம் அவருடைய டீ கிளாஸ். பதினோரு மணி டீ வந்ததும் குச்சியை அதில் முக்கி வைத்துவிட்டு, திரையில் கோடு ஏறி இறங்குவதைக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்ப்பார். கோடு ஓர் அளவுக்கு இறங்கியதும் குச்சியைத் துடைத்துவிட்டு டீயைக் குடிப்பார். சூடாக அவர் டீ குடித்து நான் பார்த்ததில்லை.

“சத்தம் போடுற குழந்தைய விடு தம்பி. சத்தமே போடாத குழந்தை உள்ள என்ன பண்ணுதுன்னு எட்டிப் பாரு” என்று நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னார். எனக்குக் குழந்தை கிடையாது. முனிர்காவில் ஓர் அறையும் ஒரு ஹவுஸ் ஓனர் ஆன்ட்டியும்தான் உண்டு. இருந்தாலும் தலையாட்டி வைத்தேன்.

வீட்டிலும் ஆள் இதே கதைதான். அவர் மனைவி ஒரு மத்திய அமைச்சகத்தில் கிளார்க். கோல் மார்க்கெட் பக்கம் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அந்த அம்மாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “நான் ரெண்டு நாள் சண்டை போடாம இருந்தா போதும்பா, தெர்மாமீட்டர எடுத்துட்டு வந்துடறார்” என்றார். சப்டீக் சார் மறுக்கவில்லை. ஒரு தடவை நிஜமாகவே ஜுரம் இருந்தது என்று மட்டும் சொன்னார்.

அந்த வீட்டில்தான் நான் முதன்முதலாக மாவுக்கு அலாரம் வைத்திருப்பதைப் பார்த்தேன். டில்லி ஜனவரியில் தோசை மாவு பொங்குவது லேசான காரியமில்லை. தமிழ்க் குடும்பங்களில் மனிதர்களுக்கு இல்லாவிட்டாலும் மாவுப் பாத்திரத்துக்கு ஒரு ரஜாய், அதாவது பஞ்சு அடைத்த கனத்த போர்வை, உண்டு. சப்டீக் சார் ரஜாய்க்குள் பாத்திரத்தை வைத்து, மூடிக்கு அடியில் ஒரு சின்ன ஸ்விட்சைப் பொருத்தியிருந்தார். மாவு எழும்பி மூடியைத் தொட்டால் அவருடைய போன் அடிக்கும். அதற்கான மென்பொருள் எல்லாம் ஓப்பன் சோர்ஸ். அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், இஷ்டப்படி மாற்றலாம், காசு கிடையாது. ஒரு சனிக்கிழமை மீட்டிங்கில் பாஸ் வருங்காலத் திட்டங்களைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது இவர் போன் அடித்தது. எழுந்து விறைத்து நின்று, மாவு பொங்கிவிட்டது சாப் என்று அறிவித்துவிட்டு வெளியே போய் வீட்டுக்குப் பேசினார். பாஸ் பஞ்சாபி. மாவு என்றால் சப்பாத்தி மாவு என்று நினைத்து, அது எதற்குப் பொங்க வேண்டும் என்று ரொம்ப நேரம் குழம்பினார்.

கம்பெனியில் அப்போது ஓடியது இலவச மென்பொருள் இல்லை. எங்கள் போனை அடிக்க வைக்க ஒரு வெளிநாட்டுச் சேவையை வாங்கியிருந்தோம். ஆள் ஒருவருக்கு மாதம் இத்தனை டாலர் என்று கணக்கு. அதனால் பாஸ் மூன்று பேரின் பெயரை மட்டும்தான் அதில் சேர்த்திருந்தார்: சப்டீக் சார், குர்பிரீத், நான். குர்பிரீத் நல்ல பையன், நன்றாக வேலை தெரிந்தவன். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது என்பது ஒன்றுதான் அவனிடம் குறை. மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டு டியூட்டி பார்த்தோம்.

ஏப்ரல் மாதம் ஓர் அதிசயம் நடந்தது. அலாரமே வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஒரு வாரத்துக்கு மேல் போன் அடிக்கவில்லை. எங்கள் சிஸ்டம் ஸ்திரமாகிவிட்டது என்று பாஸ் பூரித்துப்போய் எல்லோருக்கும் சமோசா வரவழைத்தார். நானும் குர்பிரீத்தும் நாங்கள்தான் ஸ்திரமாக்கினோம் என்பதுபோல நின்றுகொண்டிருந்தோம். சப்டீக் சார் மட்டும் சமோசாவைத் தொடவில்லை. முகம் வெளுத்திருந்தது.

“ஏம்பா இவ்ளோ அமைதியா இருக்கு?” என்று என்னிடம் கேட்டார். பிறகு தன் டீயை எடுத்து, ஆபீஸில் இருந்த ஒரு கருவியின் குச்சியை அதற்குள் முக்கினார். திரையில் கோடு எகிறியது. போன் அடிக்கவில்லை. டீ ஆறி ஆடை கட்டும் வரை பார்த்தார். அடிக்கவே இல்லை.

விஷயம் இதுதான். பாஸின் கிரெடிட் கார்டு காலாவதியாகியிருந்தது. வெளிநாட்டுக்காரன் பணம் வரவில்லை, சேவையை நிறுத்துகிறோம் என்று மெயிலுக்கு மேல் மெயில் போட்டிருக்கிறான். அந்த மெயில்கள் போனது, வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் விலாசத்துக்கு. நாங்கள் சமோசா தின்று கொண்டாடியது சிஸ்டம் நன்றாக இருந்ததற்காக அல்ல, செத்துப்போனதற்காக.

அன்று மாலையே டாக்டரம்மாவின் போன் வந்தது. எங்களுக்கு இருந்ததிலேயே பெரிய வாடிக்கையாளர் அவர். ஊர் முழுக்க ஏழைக் குழந்தைகளுக்கான கிளினிக்குகள் நடத்துகிறவர். அதில் ஒன்றில் ஃபிரிட்ஜ் நின்றுபோய், தடுப்பூசிகள் அத்தனையும் வீண். கம்பவுண்டர் தன் கையாலேயே எல்லாவற்றையும் எடுத்து அழிக்க வேண்டியதாயிற்றாம். டாக்டரம்மா கத்தவில்லை. இன்னும் ஒரு தடவை இப்படி நடந்தால் உங்கள் உறவே வேண்டாம் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு வைத்தார். பாஸ் அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

மறுநாள் பாஸ் எங்களைக் கூப்பிட்டார். அதே வெளிநாட்டுச் சேவையில் இன்னும் பெரிய, இன்னும் விலையான திட்டம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் வாங்கப் போகிறேன் என்றார். அதற்குப் பணம் வேண்டுமானால் ஒரு சம்பளத்தைக் குறைத்தாக வேண்டும் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். யாருடைய சம்பளம் என்று சொல்லவில்லை. குர்பிரீத்துக்குக் கல்யாணம், எனக்கு வாடகை, சப்டீக் சாருக்குப் பென்ஷன். சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

சப்டீக் சார் எழுந்து நின்றார். “சாப், எங்க வீட்டு மாவுக்கு ஓடுறது கம்பெனிக்கும் ஓடும். ஒரு மாசம் குடுங்க” என்று ஹிந்தியில் சொன்னார். பாஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அச்சா, ஒரு மாதம் பார்ப்போம், நடுவில் ஓர் அலாரம் தவறினாலும் பழைய பேச்சுத்தான் என்றார். டாக்டரம்மாவும் ஒத்துக்கொண்டார். நான் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் சோதித்துப் பார்ப்பேன் என்று ஒரு நிபந்தனையையும் போட்டார்.

வெளியே வந்ததும், பென்ஷன்தான் வருகிறதே சார், ஓய்வாக இருங்களேன் என்று சமாதானம் சொல்லப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

“வீட்ல உக்காந்தா மாவுக்கு மட்டும்தான் தம்பி டியூட்டி. அதுவும் குளிர்காலத்துல மட்டும்தான்.”

அந்த மே மாதம் முழுக்க எங்கள் ஆபீஸ் ஒரு பங்கர் மாதிரி இருந்தது. நேரு பிளேஸிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்தது. சிம் கார்டு போட்ட மோடம் ஒன்று வந்தது. ஃபிரிட்ஜ் சூடானால் அந்த சிம்மிலிருந்து எங்களுக்குப் போன் வரும். எடுத்தால் சப்டீக் சார் தன் குரலிலேயே பதிவு செய்து வைத்திருந்த வாசகம் கேட்கும்: ‘சப் டீக் நஹீ ஹை.’ எல்லாம் சரியாக இல்லை. வானொலியில் வானிலை சொல்வதுபோல அத்தனை சாந்தமாக அதைச் சொல்லியிருந்தார். இலவசம் என்று பெயர்தானே தவிர, அதை ஓட வைக்க ஒரு மனிதர் வேளைக்குச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதல் வாரமே ஒரு சிக்கல். அடிக்கடி அடிக்கிற புது நம்பர் என்பதால் போன்கள் அதை மோசடி அழைப்பு என்று சிவப்பில் காட்டின. நல்லவேளையாக ஒரு சோதனை அழைப்பைத்தான் குர்பிரீத் துண்டித்தான். சப்டீக் சார் அவனைத் திட்டவில்லை. எங்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, யார் கூப்பிட்டால் நீ எந்த நிலையிலும் எடுப்பாய் என்று விசாரித்தார். குர்பிரீத் வெட்கப்பட்டுக்கொண்டு அவன் பார்த்திருக்கிற பெண் பெயரைச் சொன்னான். நான் யோசிக்காமல் ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி என்றேன். எங்கள் போன்களை வாங்கி, அலாரம் நம்பரை அந்தந்தப் பெயரில் பதிந்து கொடுத்தார்.

பலன் கைமேல் கிடைத்தது. குர்பிரீத் போன் அடித்தால் அறையை விட்டு ஓடிப்போய் எடுப்பான், எடுத்ததும் முகம் தொங்கிப்போய்த் திரும்புவான். மருமகள் இத்தனை தடவை கூப்பிடுகிறாளே என்று அவன் அம்மாவுக்கு மட்டும் பரம சந்தோஷம். நான் மெட்ரோ கூட்டத்தில் நின்றுகொண்டு “நமஸ்தே ஆன்ட்டி, தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுத்தான் வந்தேன்” என்று ஒரு ஃபிரிட்ஜிடம் விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

பொய் அலாரங்களும் வந்தன. கரோல் பாக் பக்கம் ஒரு மருந்துக் கடையில் தினமும் மதியம் சூடு ஏறியது. சப்டீக் சார் கோட்டைப் பார்த்துவிட்டு, கடைக்காரரைக் கூப்பிட்டு, லஸ்ஸியை வேறு ஃபிரிட்ஜில் வையுங்கள் என்றார். கடைக்காரர் அதிர்ந்துபோய், உள்ளே கேமரா வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். சாப்பாட்டு நேரத்தில் ஃபிரிட்ஜ் கதவு ஏன் விடாமல் திறந்து மூடுகிறது என்று யோசித்ததுதான் அவர் வைத்த கேமரா.

நாள் போகப்போக எனக்குத்தான் பயம் வந்தது. சப்டீக் சார் மெலிந்துகொண்டே வந்தார். டாக்டரம்மா சோதிக்கிற அன்றைக்கு குர்பிரீத் டியூட்டியில் இருந்து, அவன் பெண்ணோடு ஊடலில் இருந்தால் என்ன ஆவது? போனையே எடுக்க மாட்டானே. இந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. ஆபீஸில் இருக்கிற யாரும் தன் கணக்கில் போய், எனக்கும் ஒரு போன் வரட்டும் என்று அமைத்துக்கொள்ளலாம். ஆளுக்குக் காசு கிடையாதே. யாரிடமும் சொல்லாமல், எல்லா நாளைக்கும் சேர்த்து என் நம்பரை அதில் போட்டுவிட்டேன். என் முறை இல்லாத நாளில் அலாரம் வந்தால், திரையில் டியூட்டி ஆள் எடுத்துவிட்டாரா என்று பார்ப்பேன். எடுத்திருந்தால் பேசாமல் இருந்துவிடுவேன். நல்லவேளையாக ஒவ்வொரு தடவையும் எடுத்திருந்தார்கள்.

மாதம் முடிய இரண்டு மூன்று நாள்தான் பாக்கி. சப்டீக் சாரின் முறை. பதினோரு மணி டீ அப்போதுதான் வந்தது. அவர் போன் அடித்தது. எனக்கும் அடித்தது. திரையைப் பார்த்தேன். டாக்டரம்மாவின் கிளினிக், தடுப்பூசி வீணான அதே கிளினிக், ஃபிரிட்ஜின் சூடு அறுபத்தெட்டு டிகிரி என்றிருந்தது. டில்லி வெயிலே அத்தனை போகாது. ஃபிரிட்ஜ் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தேன். வராந்தாவுக்கு ஓடிப்போய் கிளினிக் நம்பரை அழுத்தினேன். லைன் கிடைக்கவே இல்லை.

திரும்பி வந்தால், சப்டீக் சார் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு திரையில் இறங்கிக்கொண்டிருந்த கோட்டை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாய் சாப், டீ ஆறுது, குடிச்சுடுங்க. குச்சியத் துடைச்சு மறுபடி ஃபிரிட்ஜ்ல வெச்சுடுங்க” என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு வைத்தார். பிறகு என்னிடம், “ஃபிரிட்ஜ் மெதுவாத்தான் தம்பி சூடாகும். இப்படி ஏறி இப்படி இறங்குறது டீ மட்டும்தான். கண்ணாடி கிளாசு” என்றார்.

நடந்தது இதுதான். ஃபிரிட்ஜைக் கொஞ்ச நேரம் நிறுத்திவை, அவர்கள் கூப்பிடுகிறார்களா பார்ப்போம் என்று டாக்டரம்மா கம்பவுண்டரிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதருக்கு மனசு வரவில்லை. போன தடவை தன் கையாலேயே அழித்தவர் ஆயிற்றே. மருந்தும் கெடக்கூடாது, சோதனையும் நடக்க வேண்டும் என்று, குச்சியை மட்டும் வெளியே எடுத்துத் தன் டீயில் முக்கிவிட்டார்.

மறுநாள் டாக்டரம்மா கம்பவுண்டரையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே வந்தார். மருந்தும் கெடவில்லை, போனும் வந்தது, தனக்குத் திருப்தி, ஒப்பந்தம் தொடரட்டும் என்றார். பாஸ் எழுந்து நின்று கைகூப்பினார். டாக்டரம்மா அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு சின்னப் புகார் என்றார். ஒரு டீ கிளாசுக்காக எத்தனை பேர் கூப்பிடுவீர்கள், அரைமணி நேரம் கிளினிக் போனில் நோயாளிகள் யாரும் பேச முடியவில்லை.

சப்டீக் சாரின் முகம் சுருங்கியது. “டியூட்டில நான் ஒருத்தன்தான்மா” என்றார்.

கம்பவுண்டர் விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். முதலில் இந்த சாப் பேசினார். பிறகு ஒரு சர்தார்ஜி, பதறிப்போய். பிறகு கணக்குப் பார்ப்பதாகச் சொன்ன ஓர் அம்மாள், ஃபிரிட்ஜில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள் என்று சொன்னால் நான் என்ன செய்வது? அப்புறம் வாசல் காவல்காரர். அப்புறம் மதராஸி ஹிந்தியில் ஒருவர், அது நான், டீதான் என்று தெரிந்த பிறகும் மனசு கேட்காமல் மறுபடி கூப்பிட்டிருந்தேன்.

சப்டீக் சார் பாஸ் பக்கம் திரும்பினார். விறைத்து நின்றார். “சாப், இது தப்பு. ஒருத்தருக்குப் போக வேண்டிய போன் எல்லாருக்கும் போயிருக்கு. என் சிஸ்டத்துல எங்கயோ கோளாறு இருக்கு. சொன்ன சொல்லு சொல்லுதான், நான் கிளம்பறேன்” என்றார். குரல் அலாரத்தில் வருகிற அதே சாந்தமான குரல். கை மட்டும் பேன்ட் தையலை இறுகப் பிடித்திருந்தது.

கோளாறு இல்லை சார், நான்தான் என் நம்பரைச் சேர்த்தேன் என்றேன். குர்பிரீத் தரையைப் பார்த்துக்கொண்டு, நானும்தான் என்றான். உன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று என்னைக் காட்டி வேறு சொன்னான். கணக்குப் பார்க்கும் சுனிதாஜி, காவல்காரருக்கும் தனக்குமாகத் தானே அமைத்ததாகச் சொன்னார். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு ஒரு மாதமாக அவரைக் காவல் காத்திருக்கிறோம்.

கம்பவுண்டர் இன்னும் முடிக்கவில்லை. கடைசியாக ஒருவர் பேசினார் என்றார். கம்பெனி முதலாளி என்று சொன்னார். மருந்தைப் பற்றிக் கேட்கவே இல்லை, எங்கள் ஆள் சரியான நேரத்துக்குக் கூப்பிட்டாரா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

பாஸுக்கு திடீரென்று இருமல் வந்தது. வெகுநேரம் இருமினார். பிறகு, “பைட்டியே, சாப்” என்றார். உட்காருங்கள் என்று அர்த்தம். ஹவில்தாராக இருந்தவரை அவர் சாப் என்று கூப்பிட்டது அன்றுதான். சப்டீக் சார் உட்கார்ந்தார். எங்கள் நம்பர்களை எல்லாம் நீக்கிவிடுவார் என்று எதிர்பார்த்தோம். ஒன்றையும் நீக்கவில்லை.

நான் அந்த வேலையை விட்டு வந்து கொஞ்ச காலம் ஆகிறது. இப்போதும் டில்லியில் எங்கோ ஒரு கடையின் ஃபிரிட்ஜ் சூடானால் என் போன் அடிக்கிறது. என் பெயரை எடுத்துவிடுங்கள் சார் என்று சொன்னால் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடுவார். சொல்ல மனசு வரவில்லை, அதில் வருவது அவருடைய குரல் அல்லவா.